விழாவறைதலும் விடுமுறை ஆணையும்: திருவள்ளுவர் நாள் குறித்த ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

தமிழ்நாட்டரசு ஆண்டுதோறும் வெளியிடும் பொதுவிடுமுறைப் பட்டியலில் தை முதல் நாள் பொங்கல் என்றும், இரண்டாம் நாள் திருவள்ளுவர் நாள் என்றும், மூன்றாம் நாள் உழவர் திருநாள் என்றும் குறிக்கப்பெறுகின்றன. இம்மூன்றனுள் முதலதும் மூன்றாவதும் உழவர் குடிகள் தாமே கொண்டாடி வந்த அறுவடை விழாவோடு இயைந்தவை. இடைநின்ற நாளோ ஒரு நூலாசிரியர் பெயரால் அரசு வகுத்த நாள். உலக நாடுகள் தம் பொதுவிடுமுறைகளைப் பெரும்பாலும் சமயத்தின் பெயராலோ, விடுதலையின் பெயராலோ, அரசரின் பெயராலோ அமைத்துள்ளன. ஒரு புலவரின் பெயரால் அரசு ஊழியர் அனைவர்க்கும் ஓய்வு தரும் நாடுகள் சிலவே. போர்த்துக்கல் நாடு தன் பெரும்புலவர் கமோயின்சு மறைந்த ஜூன் 10ஆம் நாளை நாட்டு நாளாகக் கொண்டிருப்பது அத்தகையது. அவ்வரிசையில் தமிழ்நாடும் நிற்கின்றது என்பது தமிழர் பெருமைகொள்ளத் தக்கதே.

ஆயினும் அப்பெருமையோடு ஒரு வினாவும் உடன் எழுகின்றது. தை இரண்டாம் நாட் காலையில் இலஞ்சியின் தெருக்களில் நடந்து செல்வார் காணும் காட்சி யாது? மாடுகள் குளிப்பாட்டப் பெறுகின்றன. கொம்புகளுக்கு வண்ணம் தீட்டப்பெறுகின்றது. கழுத்தில் மாலையும் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் விளங்குகின்றன. எதிர்ப்படுவாரை நிறுத்தி, ‘இன்று என்ன நாள்?’ என்று வினவின், ‘மாட்டுப் பொங்கல்’ என்னும் விடையே வரும். திருவள்ளுவர் பெயர் சுவரில் தொங்கும் நாட்காட்டித் தாளில் மட்டும் நிற்கின்றது. குறளைக் கற்பிக்கும் பள்ளியும் குறளுரைகளைப் பேணும் நூலகமும் அந்நாளில் பூட்டப்பட்டுள்ளன. வள்ளுவரைப் போற்றுதற்கு வகுத்த நாளே, வள்ளுவரை நாள்தோறும் எடுத்தோதும் இடங்களை அடைத்துவிடும் நாளாகவும் அமைந்துள்ளது.

இம்முரண் எங்ஙனம் நேர்ந்தது? ஒரு மரபைப் போற்றுதற்கு அரசு விடுமுறை விடுவதனால் அம்மரபு வாழுமா? தமிழ் இலக்கியம் இது குறித்து யாது கூறுகின்றது? இவ்வினாக்களை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. பண்டை இலக்கியத்தில் அறிவிக்கப்பெற்ற நாள்

‘விழா’ என்பது சங்க நூல்களிற் பயின்று வரும் சொல். ‘விடுமுறை’ என்பதோ அலுவலகமும் பள்ளியும் தோன்றிய பின்னர் வழக்கிற்கு வந்தது. முன்னது செயலைக் குறிப்பது. பின்னது செயலினின்று விடுபடுதலைக் குறிப்பது. இவ்வேறுபாடு சொல்லளவினது அன்று, பொருளளவினதும் ஆகும்.

மன்னன் பிறந்த நாளைக் கொண்டாடுதலைத் தொல்காப்பியம் பாடாண் திணையின் துறைகளுள் ஒன்றாக வைத்துப் பெருமங்கலம் எனப் பெயரிடுகின்றது. பிற்காலத்தார் அதனை நாண்மங்கலம் என்றும் வழங்கினர். அந்நாளில் மன்னன் சினம் தவிர்வான். வெண்ணிற ஆடையும் அணியும் பூண்பான். சிறையில் இருப்போரை விடுதலை செய்வதும், போர் ஒழிவதும், கொலை தவிர்வதும், இறைப்பொருளை நீக்குவதும், வேண்டுவார்க்கு வேண்டியது ஈவதும் அந்நாட்குரிய செயல்கள் என்று உரையாளர் விளக்குவர். ஈண்டு நோக்கத்தக்கது ஒன்று. அந்நாளின் சிறப்பு மக்கள் தொழிலை நிறுத்துதலில் இல்லை. ஆள்வோன் சில செயல்களைச் செய்தலிலும் சிலவற்றைத் தவிர்த்தலிலும் உள்ளது. ஆணையிடுபவனே அந்நாளின் கடமையைத் தன்மேல் முதலில் ஏற்றுக்கொள்கின்றான்.

இதனினும் விரிவான சான்று மணிமேகலையின் முதற்காதையாகிய விழாவறை காதையிற் கிடைக்கின்றது. புகார் நகரத்து இந்திர விழா பொதிய மலையில் வாழ்ந்த முனிவனின் சொற்படி, தூங்கெயில் எறிந்த தொடித்தோட் செம்பியன் தொடங்கியது என்று அந்நூல் கூறும். குற்றாலச் சாரலை அடுத்து வாழும் நம்மனோர்க்கு இச்செய்தி தனி உவகை தருவது. நம் மேற்கு வானத்து மலைத்தொடரே புகார் நகரத்துப் பெருவிழாவிற்கும் தோற்றுவாய் எனப் பண்டையோர் கருதினர். இருபத்தெட்டு நாள் நிகழும் அவ்விழாவை முரசறைவோன் யானைமேல் முரசேற்றி நகர்க்கு அறிவிக்கின்றான்.

அவ்வறிவிப்பின் அமைப்பு நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. நகரும் மன்னனும் வாழ்க என வாழ்த்திய பின், செய்ய வேண்டுவன ஒவ்வொன்றாகக் கூறப்பெறுகின்றன. தோரணமும் நிறைகுடமும் விளக்கும் அமைக்குமாறும், தெருக்களிற் பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்புமாறும், மாடங்களிற் கொடி ஏற்றுமாறும், கோயில்களில் அவ்வவற்றிற்கு உரியோர் உரிய கடன்களை ஆற்றுமாறும் அவன் அறிவிக்கின்றான். அறவுரை கூறுவோர் பந்தர்களில் அமர்க என்றும், சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் முறைப்படி வாதிடுக என்றும், எவரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளாது விலகுக என்றும் கூறி முடிக்கின்றான். எவர் எதனைச் செய்தல் வேண்டும் என்பது தெளிவாகப் பகுத்துரைக்கப்படுகின்றது. அறிஞர்க்கும் அதில் ஒரு பணி உண்டு. ‘தொழில் செய்யற்க’ என்னும் ஆணை அவ்வறிவிப்பில் இல்லை.

அக்காப்பியத்தின் பிற்பகுதியில் இவ்விழாவின் முடிவும் சொல்லப்படுகின்றது. மகனை இழந்த துயரத்தால் சோழ மன்னன் விழாவை மறந்தான். அதன் பயனாகப் புகார் நகரைக் கடல் கொண்டது என்பது கதை. கடல்கோளுக்கு இதுவே காரணம் என்று இன்று எவரும் கொள்ளார். ஆயினும் ஓர் ஊர் தன் விழாவை மறப்பதும் தன்னை இழப்பதும் ஒன்றே எனப் பண்டைத் தமிழர் எண்ணினர் என்பது இதனாற் புலனாம்.

இங்குப் பெயர் பற்றிய குறிப்பொன்றும் பொருந்தும். பெருங்கதையில் முரசறைந்து செய்தி அறிவிப்போன் வள்ளுவன் எனப்படுகின்றான். நிகண்டு நூல்களும் அச்சொல்லை மன்னர்க்கு அணுக்கமான கருமத் தலைவரைச் சுட்டும் சொல்லாகக் காட்டுகின்றன. குறளாசிரியர் அத்தொழில் மரபினர் என்று இதனைக்கொண்டு துணிதல் ஆகாது. அது வேறோர் ஆய்வு. ஆயினும் அறிவித்தல் தொழிலோடு இயைந்த ஒரு பெயரைத் தாங்கிய நாள், யாதொரு செயலையும் அறிவியாத நாளாக நிற்பது எண்ணத்தக்கது.

3. இக்கால ஆணையின் இயல்பு

இனி, இற்றைப் பொதுவிடுமுறை எங்ஙனம் பிறக்கின்றது என்பதைக் காண்போம். அதற்கு அடிப்படை 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. உறுதிச்சீட்டோ மாற்றுச்சீட்டோ பணம் செலுத்தவேண்டிய நாள் பொதுவிடுமுறையாயின் யாது செய்வது என்பதே அப்பிரிவு எழுப்பிய வினா. அதற்கு விடையாகப் பொதுவிடுமுறை இன்னது என ஒரு விளக்கம் அப்பிரிவில் சேர்க்கப்பட்டது. அவ்விளக்கத்தின்படி விடுமுறை அறிவிக்கும் உரிமையை 1957 ஜூன் 8ஆம் நாளிட்ட அறிவிக்கையால் நடுவணரசு மாநில அரசுகளுக்கு அளித்தது. ஆண்டுதோறும் வெளிவரும் நம் அரசாணை அவ்வுரிமையின் வழியே பிறக்கின்றது. பொதுவிடுமுறை, தன் சட்டப் பிறப்பில், கடன் திருப்பும் நாளைப் பற்றியதேயன்றிப் பண்பாட்டைப் பற்றியதன்று.

மாவட்ட ஆட்சியர் திருவிழாக்களுக்கு விடும் உள்ளூர் விடுமுறை இதனின் வேறு. அது செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வாராது என்று ஆணையிலேயே குறிக்கப்பெறும். கருவூலங்கள் குறைந்த பணியாளர்களோடு அவசர அலுவல்களை நடத்தும். ஈடாக ஒரு சனிக்கிழமை பணிநாளாக்கப்படும். தனியார் தொழிலகங்களுக்கோ 1958ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டம் உண்டு. அது நாட்டு விடுமுறைகளோடு விழா விடுமுறை ஐந்தினைக் கட்டாயமாக்குகின்றது. அவ்வைந்து இன்னின்ன என்பது பெரிதும் நிறுவனங்களைப் பொறுத்தது.

நடுவணரசு ஊழியர் நிலை இன்னும் வேறுபட்டது. தில்லிக்கு வெளியேயுள்ள நடுவணரசு அலுவலகங்களுக்குக் கட்டாய விடுமுறைகளோடு, பன்னிரண்டு விழாக்கள் கொண்ட பட்டியலிலிருந்து மூன்றினைத் தேர்ந்துகொள்ளும் உரிமை உண்டு. ஓணம், ஓலி, இரத யாத்திரை முதலியவற்றோடு பொங்கலும் அப்பன்னிரண்டனுள் ஒன்று. 2017ஆம் ஆண்டில் பொங்கல் சனிக்கிழமையில் வந்தது. அவ்வாண்டுக்குரிய தேர்வில் அது விடுபட்டது. தமிழகத்தில் எழுந்த எதிர்ப்பின் பின், சென்னையிலுள்ள ஊழியர் நல ஒருங்கிணைப்புக் குழு தசரா விடுமுறையொன்றை விடுத்துப் பொங்கலைச் சேர்த்துக்கொண்டது. திருவள்ளுவர் நாளோ அப்பன்னிரண்டனுள்ளும் இல்லை.

இவற்றாற் பெறப்படுவது யாது? அரசாணை ஒரு நாளுக்குப் பெயர் தரும். ஒரு பகுதி மக்களுக்கு ஓய்வும் தரும். சாரற் காலத்திலும் விடுமுறை நாட்களிலும் குற்றாலத்தில் விடுதியிற் பணிபுரிவோர்க்கும் கடை நடத்துவோர்க்கும் பிறர் ஓய்வே பெருவேலையாகின்றது. அவர்க்கு விடுமுறை என்பது பிறர் பெறும் ஒன்று. நாளுக்குரிய செயலை ஆணை தருவதில்லை. ஆகவே ஆணை எட்டாதவரிடத்து அந்நாள் எட்டுதற்கு வழியும் இல்லாமற் போகின்றது.

4. திருவள்ளுவர் நாள் உருவான வகை

திருக்குறளில் அதன் ஆசிரியர் பிறந்த நாளையோ ஆண்டினையோ சுட்டும் அகச்சான்று யாதும் இல்லை. மயிலைத் திருவள்ளுவர் கோயில் வழிபாட்டு மரபில் வைகாசி அனுடம் அவர் தோன்றிய நாளாகப் போற்றப்பெற்றது. 1935ஆம் ஆண்டில் சென்னையில் திருவள்ளுவர் திருநாட் கழகத்தினர் அவ்வைகாசி அனுடத்தையொட்டி மே மாதத்தில் விழா எடுத்தனர். அவ்விழாவில் மறைமலையடிகள் வள்ளுவர் காலத்தை கி.மு. 31 எனக் கொண்டு ஆண்டு கணக்கிடலாம் என்னும் கருத்தினை வெளியிட்டார். கிறித்தவ ஆண்டோடு 31 கூட்டத் திருவள்ளுவர் ஆண்டு கிடைக்கும் என்னும் இன்றைய வழக்கு அதன் வழியே வந்தது. 1921இல் ஐந்நூறு புலவர்கள் கூடி இம்முடிவு செய்தனர் என்று மேடைகளில் வழங்கும் செய்தியினும், 1935ஆம் ஆண்டு நிகழ்ச்சியே ஆய்வாளர் பற்றத்தக்க உறுதியுடையது.

தமிழ்நாட்டரசு 1971 முதல் நாட்குறிப்பிலும், 1972 முதல் அரசிதழிலும், 1981 முதல் அரசு அலுவல்கள் அனைத்திலும் திருவள்ளுவர் ஆண்டினை ஏற்றுக்கொண்டது. திருவள்ளுவர் நாள் வைகாசியினின்று நீங்கித் தை இரண்டாம் நாளாக நிலைபெற்றது.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மையை மறைத்தல் நேர்மையாகாது. நாண்மீன் கணக்கினின்று நீங்கியமையால் அந்நாள் எச்சமயத்தார்க்கும் பொதுவாயிற்று. அறுவடை விழாவோடு இணைந்தமையால் தமிழ் மண்ணின் பெருவிழாவிற் புலவர்க்கும் ஓர் இடம் கிடைத்தது. மதுக்கடைகள் அந்நாளில் அடைக்கப்படுகின்றன. குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையை எண்ணுவார்க்கு இது பொருத்தமாகவே தோன்றும். அரசு திருவள்ளுவர் விருது முதலியவற்றை அந்நாளையொட்டி வழங்குகின்றது. சிலைகளுக்கு மாலை அணிவிக்கப்பெறுகின்றது.

இழப்பும் உண்டு. முன்பே ஆழ வேரூன்றிய மாட்டுப் பொங்கலின்மேல் புதுப்பெயர் ஒன்று வைக்கப்பட்டது. பெயர் மாறிற்று, செயல் மாறவில்லை. வைகாசி அனுடத்திற்கு வழிபாட்டு மரபிலேனும் தனக்கென ஒரு செயல் இருந்தது. தை இரண்டிற்கோ அரசு தந்தது ‘கடையை அடைக்க’ என்னும் விலக்கு மட்டுமே. விழாவறை காதையோடு ஒப்பிடின் அறிவிப்பின் முற்பகுதியாகிய விதி விடுபட, பிற்பகுதியாகிய விலக்கு மட்டும் எஞ்சியது போன்றது இது.

5. ஒப்பீடு: ஓசை எழுப்பிய மக்கள்

இந்நிலையைத் தெளிவாக அறியப் பிறநாட்டுச் சான்று ஒன்று உதவும். வட அமெரிக்காவின் கீழ்க்கரையில் வாழும் அக்காடியர், பிரெஞ்சு மொழி பேசும் சிறுபான்மையோர். 1755 முதல் ஆங்கிலேய அரசு அவர்களை வாழ்ந்த நிலத்தினின்று கூட்டங்கூட்டமாக வெளியேற்றியது. பல்வேறு நாடுகளிற் சிதறுண்டவருட் பலர் பின்னர்த் திரும்பி வந்து புதிய இடங்களிற் குடியேறினர். 1881இல், நம் செலாவணி முறிச் சட்டம் பிறந்த அதே ஆண்டில், அவர்கள் மெம்ரம்கூக் என்னும் ஊரிற் கூடித் தமக்கென ஒரு நாளைத் தேர்ந்தனர்.

அக்கூட்டத்தில் எழுந்த சொற்போர் நாம் கருதத்தக்கது. கியூபெக்குப் பிரெஞ்சியர் கொண்டாடும் ஜூன் 24ஆம் நாளையே தாமும் ஏற்கலாம் என்றனர் ஒரு சாரார். பெரிய உறவினர் விழாவிற் கலப்பின் தம் தனித்தன்மை கரைந்துவிடும் என்றனர் மற்றொரு சாரார். முடிவில் மரியன்னையின் விண்ணேற்பு நாளாகிய ஆகஸ்டு 15 தேர்ந்துகொள்ளப்பட்டது. 1884இல் கொடியும் பண்ணும் வகுத்துக்கொண்டனர். வெளியேற்றத்தின் 200ஆம் ஆண்டாகிய 1955இலும் அதன் பின்னரும் ‘டின்டமார்’ என்னும் வழக்கம் பரவிற்று. மக்கள் தெருவில் இறங்கி, பானையும் தட்டும் மணியும் கையிற் கிடைத்த எதுவாயினும் தட்டிப் பேரோசை எழுப்புவர். ‘நாம் இன்னும் இங்கே இருக்கின்றோம்’ என்பதே அவ்வோசையின் பொருள். கனடா நாடாளுமன்றம் அந்நாளைச் சட்டத்தால் ஏற்றது 2003இல். மக்கள் நாளைத் தேர்ந்து 122 ஆண்டுகள் கழிந்த பின்னரே நாட்டின் சட்டம் வந்தது.

அதே கனடாவில் நம்மவரும் வாழ்கின்றனர். 2016இல் அந்நாட்டு மக்களவை ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. அது விடுமுறை தருவதன்று. எனினும் பள்ளிகளிலும் மன்றங்களிலும் நிகழ்ச்சிகள் நடத்துதற்கு வாயிலாயிற்று.

தமிழர் விழாக்களுள்ளேயே இதற்குச் சான்று காணலாம். சிங்கப்பூரில் தைப்பூசம் பொதுவிடுமுறையாக இருந்தது. 1968ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் அந்நிலை நீங்கிற்று. விழா நின்றுவிட்டதா? இல்லை. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் சாலைத் தண்டாயுதபாணி கோயில் வரை காவடியும் பாற்குடமும் ஆண்டுதோறும் செல்கின்றன. மொரீசியசுத் தீவில் தமிழ் வழியினருட் பெரும்பாலார் வீட்டில் தமிழ் பேசுவதில்லை; ஆயினும் தைப்பூசக் காவடி அங்குப் பொதுவிடுமுறை நாள். மொழி மறைந்த இடத்தும் செயல் நின்றது. தமிழ்நாட்டிலோ தைப்பூசம் பொதுவிடுமுறை ஆனது 2021இல். அருணகிரிநாதர் பாடல் பெற்ற இலஞ்சிக் குமாரர் கோயிலில் வழிபடும் அடியார், விடுமுறை வரும்வரை காத்திருந்தவர் அல்லர். செயல் உள்ள நாளுக்கு ஆணை அணிகலன். செயல் இல்லா நாளுக்கு ஆணை வெறும் பெயர்ப்பலகை.

இலக்கிய விழாக்களுள் காரைக்குடிக் கம்பன் விழா இதனை நன்கு விளக்கும். 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம், பங்குனி மகம், பூரம், உத்திரம் ஆகிய நாட்களில் காரைக்குடியிலும், அத்தத்தன்று கம்பர் சமாதி அமைந்த நாட்டரசன்கோட்டையிலும் விழா எடுக்கும் மரபினை அமைத்தது. அரசு ஊழியர் எவர்க்கும் கம்பன் பெயரால் விடுமுறை இல்லை. ஆயினும் சொற்பொழிவும் பட்டிமண்டபமும் கவியரங்கும் கேட்பதற்கு மக்கள் தாமே விடுப்பெடுத்து வந்தனர். புதுச்சேரி, சென்னை முதலிய பிற ஊர்களிலும் கம்பன் கழகங்கள் தோன்றின. நம் பகுதியில் இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரைச் சூழ்ந்து நெல்லையிலும் குற்றாலத்திலும் கூடிய அன்பர் குழுவும் அத்தகையதே. அங்கு நிகழ்ந்தது ஒரே செயல்: பாட்டை வாய்விட்டுப் படித்தல், அதனைப் பலரும் கூடி நுகர்தல்.

ஆக, வள்ளுவர்க்கு விடுமுறை உண்டு, செயல் இல்லை. கம்பர்க்குச் செயல் உண்டு, விடுமுறை இல்லை. எது வாழ்கின்றது என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

6. இரு தடைகளும் விடைகளும்

‘விடுமுறையே ஒரு போற்றுதல் அன்றோ? பட்டியலிற் பெயர் இருத்தலால் குழந்தையும் வள்ளுவர் பெயரை அறியுமே’ என்பது முதல் தடை. உண்மையே. பெயரளவில் அறிதல் அறியாமையினும் நன்று. ஆனால் ஆணையால் வந்தது ஆணையால் மாறவும் கூடும். தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என 2008இல் சட்டம் இயற்றப்பட்டது. 2011இல் அது நீக்கப்பட்டுச் சித்திரை முதல் நாள் மீண்டது. இரு காலத்தும் இல்லங்கள் தத்தம் வழக்கப்படியே நடந்துகொண்டன. ஆட்சி மாறினும் மாறாதிருத்தல் வேண்டின், ஒரு நாள் அரசிதழில் மட்டுமன்றி மக்கள் வழக்கிலும் வேர்கொள்ளுதல் வேண்டும்.

‘அங்ஙனமாயின் திருவள்ளுவர் நாளை வேறொரு தனி நாளுக்கு மாற்றுதல் நன்று, அக்காடியரும் அதனையன்றோ செய்தனர்’ என்பது இரண்டாம் தடை. இதனை இக்கட்டுரையாளர் உடன்படார். அக்காடியர்க்குத் தம்மினும் பெரிய பிரெஞ்சு மக்கள் கூட்டத்திற் கரையும் அச்சம் இருந்தது. வள்ளுவர்க்கு உழவரிடத்து அவ்வச்சம் இல்லை. உழவு என்னும் 104ஆம் அதிகாரத்தைப் பாடிய புலவர்க்கு மாட்டுத் தொழுவம் அயலிடம் அன்று. உலகத்துத் தொழில்கள் அனைத்தும் ஏரைச் சார்ந்தே நிற்பன என்று தெளிந்தவர் அவர். நாள் தவறு அன்று. அந்நாளிற் செய்யத்தக்கது இன்னது என்று கூறுவார் இல்லாமையே குறை.

7. செய்யத்தக்கன

முரசறைவோன் இடத்தில் இன்று நிற்க வேண்டியவர் எவர்? அரசு தன் பங்கினைச் செய்துவிட்டது. எஞ்சியது தமிழ் பயின்றார் பங்கு. மணிமேகலையின் அறிவிப்பில் அறவுரையாளர்க்கும் வாதம் செய்வார்க்கும் தனித்தனியே இடம் வகுக்கப்பட்டதை நினைவுகூர்தல் வேண்டும். தமிழ்த் துறைகள் செய்யத்தக்கனவாக மூன்றினை ஈண்டுக் குறிக்கலாம்.

முதலாவது, தை இரண்டாம் நாள் மாலையில் மாடுகளுக்குப் பொங்கலிடும் இடத்திலேயே உழவு அதிகாரத்தின் பத்துக் குறள்களையும் வாய்விட்டு ஓதுதல். இதற்கு மேடையோ ஒலிபெருக்கியோ தலைமையுரையோ வேண்டுவதில்லை. விடுமுறைக்கு ஊர் திரும்பிய முதுகலை மாணவர் ஒருவர் போதும். பொருளை விளக்குதற்கு அங்கு நிற்கும் உழவரே வல்லவர்; மாணவர் கற்றுக்கொள்ளுதற்கும் அதில் இடமுண்டு.

இரண்டாவது, நாளைப் பற்றிய ஆய்வு. அனுடமும் தையும், 1921உம் 1935உம், கி.மு. 31உம் பிறவுமாகிய செய்திகள் மேடையில் ஒருவாறும் பாடநூலில் மற்றொருவாறும் வழங்குகின்றன. பழைய இதழ்களையும் கழக அறிக்கைகளையும் அரசிதழ்களையும் தொகுத்துத் திருவள்ளுவர் நாளின் முழு வரலாற்றை ஆவணங்களோடு எழுதுதல் ஒரு முனைவர்ப் பட்ட ஆய்வுக்குத் தக்க பொருள். ஒரு நாளைக் கொண்டாடுவார்க்கு அதன் அடிப்படையை உள்ளவாறு அறியும் கடமை உண்டு.

மூன்றாவது, விடுமுறை கேட்கும் முன் செயலைத் தொடங்குதல். 1956 நவம்பர் முதல் நாள் திருவிதாங்கூரின் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் வட்டங்களும், செங்கோட்டை வட்டத்தின் பெரும்பகுதியும் தமிழகத்தோடு இணைந்தன. முதல் நான்கும் குமரி மாவட்டமாயின. செங்கோட்டை நெல்லை மாவட்டத்திற் சேர்ந்து, 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் உள்ளது. குமரி மாவட்டத்தில் இணைப்பு நாளுக்கு உள்ளூர் விடுமுறை விடும் வழக்கம் உண்டு. கருநாடகம் தன் மாநில நாளாகிய நவம்பர் முதல் நாளுக்குப் பொதுவிடுமுறையே விடுகின்றது. தமிழ்நாட்டிலோ 2019இல் நவம்பர் 1 தமிழ்நாடு நாளாக அறிவிக்கப்பட்டது. 2021இல், பெயர்மாற்றத் தீர்மானம் 1967இல் நிறைவேறிய ஜூலை 18ஆம் நாளே தமிழ்நாடு நாளாகும் என்று அறிவிப்பு மாறிற்று. இலஞ்சிக்கு அண்மையிலுள்ள செங்கோட்டைக்கும் இணைப்பு நாளில் விடுமுறை வேண்டும் என்று கேட்டல் தவறன்று. ஆனால் அதற்கு முன், அவ்விணைப்பைக் கண்ணாற் கண்ட முதியோர் நினைவுகளை எழுதி வைத்தாருண்டா? எல்லையோரத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றைத் தொகுத்தாருண்டா? அன்று சிறுவராயிருந்தோர் இன்று எழுபதும் எண்பதும் கடந்தவர். அவர் சொல்ல வேண்டுவனவற்றைக் கேட்டு எழுதுதற்கு எஞ்சிய ஆண்டுகள் மிகச் சில. விடுமுறை பத்தாண்டு கழித்தும் வரலாம். அவர் வாய்மொழி வாராது.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், பண்டைத் தமிழ் மரபில் அறிவிக்கப்பெற்ற நாள் செயல்களால் ஆனது என்பதும், இக்காலப் பொதுவிடுமுறை தன் சட்டப் பிறப்பினால் ஓய்வு மட்டும் தருவது என்பதும், செயலுடைய விழா ஆணையின்றியும் வாழும் என்பதும், செயலற்ற நாள் ஆணையிருந்தும் பெயராகவே எஞ்சும் என்பதும் பெறப்பட்டன. திருவள்ளுவர் நாள் கிடைத்தற்கரிய பேறு. அதனைப் பெற்றுத் தந்தோர் உழைப்பிற்கு நாம் கடப்பாடுடையேம். அக்கடப்பாட்டினை வீட்டில் ஓய்ந்திருத்தலாற் கழித்துவிட இயலாது.

விழா மறந்த ஊரைக் கடல் கொண்டது என்றார் சாத்தனார். இலஞ்சிக்குக் கடல் சேய்மையது. எனினும், நூலகம் பூட்டிக் கிடக்கும் தை இரண்டாம் நாளில், பத்துக் குறளை ஓதுதற்கு ஊரில் ஒருவரும் இலர் என்னும் நிலை வருமாயின், அதுவும் ஒரு கடல்கோளே. வரும் தையில் விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் பையில் ஒரு குறள் நூலை எடுத்துச் செல்வாராக. தொழுவத்தருகே நின்று உழவு அதிகாரத்தை ஓதுவாராக.